வீடு சந்திக்கப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு

ஒவ்வொரு வருஷமும் எங்கள் சபையில் பெண்கள் சங்கத்துக்கும் வாலிபர் சங்கத்துக்கும் புதிதாக நாலைந்து பேர் வருவார்கள். வந்த சூட்டில் 'வீடு சந்திப்பு'க்கு, அதாவது நோயாளிகளையும் தனியாக இருப்பவர்களையும் வீட்டிலேயே போய்ப் பார்த்துவரும் வேலைக்கு, பெயர் கொடுப்பார்கள். முதல் வாரம் ஆளுக்கொரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்து நிற்பார்கள். மூன்றாவது வாரம் பாதிப்பேரைக் காணாது. அவர்களுக்கு அன்பு தீர்ந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" என்பது ஓய்வுநாள் பாடசாலையிலேயே மனப்பாடம். அதைச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு எப்படிச் செய்வது என்பதில்தான் தடுமாற்றம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் இருபது வருஷமாக இந்த வேலைக்குப் போய்வருகிறேன். தப்புச் செய்து செய்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்தச் சபைக்காரரானாலும், சபையே இல்லாதவரானாலும் உதவும்.

யார் வீட்டுக்கு, யாரோடு

முதலில் ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். சபை ஊழியரிடம் கேட்டால் படுக்கையில் கிடப்பவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள் என்று பத்துப் பெயர் தருவார். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பட்டியல் எப்போதும் அரைகுறைதான். ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டவர், பிள்ளை சபை மாறிக் கல்யாணம் செய்ததால் தலைகாட்டாதவர், கமிட்டித் தேர்தலில் சண்டை போட்டு விலகியவர் இவர்கள் பெயர் அதில் இருக்காது. கடைக்காரரிடமும் கிராம செவிலியரிடமும் பேச்சுக்கொடுத்தால் தெரியவரும். என் அனுபவத்தில், பட்டியலில் இல்லாத வீடுகளில்தான் நம் வருகைக்கு அதிகத் தேவை.

இரண்டு பேராகப் போங்கள். இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். 1833இல் பாரிஸில் தொடங்கி, இப்போது நம் கத்தோலிக்கப் பங்குகளிலும் இருக்கிற வின்சென்ட் தே பவுல் சபையாரும் வீடு சந்திக்க இரண்டு பேராகப் போவதே வழக்கம். தனியாக இருக்கும் பெண் வீட்டுக்கு ஓர் ஆண் தனியே போனால் ஊர் பேசும் என்பது ஒரு காரணம். ஒருவர் பேசும்போது மற்றவர் அடுப்படியில் கிடக்கும் பாத்திரத்தைக் கழுவலாம் என்பது இன்னொன்று. ஆறு பேராகப் போகாதீர்கள். ஆறு பேர் போனால் அந்த வீட்டம்மா பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்க வேண்டும், கடையில் பால் கடன் சொல்ல வேண்டும். ஆறுதல் சொல்லப் போய்ச் செலவு வைத்துவிட்டு வருவோம்.

நேரம்

ஊரின் வேலை தெரியாமல் நேரம் குறிக்காதீர்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியும் முன்னே எழுந்து போயிருப்பார், மத்தியானம் தூங்குவார். அண்டி ஆபீசுக்கு (முந்திரிப்பருப்புத் தொழிற்சாலைக்கு) போகும் பெண்கள் சாயங்காலம்தான் வீடு திரும்புவார்கள், வந்ததும் அடுப்பு, குளியல், பிள்ளைகள். கடற்கரையில் இரவு கடலுக்குப் போனவர் பகலில்தான் கண்ணயர்வார். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு போவது மிகவும் மோசம். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டில் இறைச்சிக்கறி கொதிக்கும் நேரம் அது. நம்மைப் பார்த்ததும் இலையைப் போட்டுவிடுவார்கள்.

போன் இருந்தால் முந்தின நாளே கூப்பிட்டுக் கேளுங்கள். "வரட்டா மாமி?" என்று கேட்பது, "நாளைக்கு வாறோம்" என்று அறிவிப்பதைவிட நல்லது. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வழி இருக்க வேண்டும்.

வாசலில்

செருப்பை வாசலிலேயே கழற்றுங்கள். முற்றத்தில் நின்று குரல் கொடுங்கள். கதவு திறந்து கிடந்தாலும் உள்ளே போகாதீர்கள். படுத்திருப்பவர் வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொள்ள ஒரு நிமிஷம் வேண்டும். முறை சொல்லிக் கூப்பிடுங்கள். பாட்டா, பெரியம்மா, அண்ணாச்சி, அக்கா என்று எது பொருந்துமோ அது. ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டில் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

இன்னொன்று. படுக்கையில் இருப்பவரைப் பற்றி அவர் தலைக்கு மேலே மகனிடம் பேசாதீர்கள். "சாப்பிடுதாரா? வெளிக்குப் போகுதா?" என்று மகனைக் கேட்பதை நிறுத்திவிட்டு, "பாட்டா, ராத்திரி தூங்கினியளா?" என்று அவரையே கேளுங்கள். பதில் வரத் தாமதமானாலும் காத்திருங்கள்.

உட்காருதல்

புதியவர்களுக்கு மிகவும் கடினமானது இதுதான்.

யோபுவின் கதையில் மூன்று சிநேகிதர்கள் வருவார்கள். வந்ததும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள்தான். பிறகு வாயைத் திறந்தார்கள், கெட்டது காரியம். நாமும் அப்படித்தான். மௌனம் நம்மைப் பதற வைக்கிறது. அதை நிரப்ப எதையாவது சொல்லிவிடுகிறோம். "ஆண்டவர் இதில் ஒரு திட்டம் வைத்திருக்கிறார்." "விசுவாசம் இருந்தால் எழுந்து நடப்பீங்க." இவற்றைவிட மோசம், "எங்க சித்தப்பாவுக்கும் இதே நோய்தான், மூணு மாசந்தான் இருந்தார்." சிரிக்காதீர்கள். என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கடலுக்குப் போனவர்களில் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அடக்கம் செய்ய உடல் இல்லாத வீட்டில் எந்த வசனம் பொருந்தும்? அங்கே போய்ப் பிரசங்கம் செய்தவர்கள் இருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் அந்த அம்மாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, அவள் மகனைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டவர்களும் இருந்தார்கள். யாரை அந்த அம்மா மறுபடி வரச் சொல்லியிருப்பாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்றுதான் பவுல் எழுதினார். அழுகிறவர்களுக்கு விளக்கம் சொல்லுங்கள் என்று எழுதவில்லை.

பழகும் வழி எளிது. அரை மணி நேரத்துக்குப் போகிறீர்கள் என்றால், இருபது நிமிஷம் அவர்கள் பேசட்டும். பேசாவிட்டால் அவர்களோடு சேர்ந்து முற்றத்தில் உலரும் மிளகைப் பாருங்கள். போனைப் பைக்குள் போடுங்கள். இறந்தவர் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். பெயரைச் சொன்னால் அழுதுவிடுவார்களே என்று நாம் பயப்படுகிறோம். யாரும் அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டதற்காகத்தான் அவர்கள் ராத்திரியில் தனியாக அழுதுகொண்டிருப்பார்கள்.

கேட்டல்

எரிகோவில் வழியோரம் பர்திமேயு என்ற குருடன் கூவிக் கூப்பிட்டான். அவனுக்கு என்ன வேண்டும் என்று பார்த்த யாருக்கும் தெரியும். ஆனாலும் இயேசு கேட்டார்: "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?" கேட்டபிறகுதான் செய்தார்.

நாம் கேட்காமலே செய்கிறோம். சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் குவிந்து கிடந்த பழந்துணி மூட்டைகளைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொடுத்த மனசைக் குறை சொல்லவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் அந்த மூட்டைகள் மண்ணில் கிடந்திருக்காது.

ஆனால் நம் ஊரில் நேராகக் கேட்டால் பதில் கிடைக்காது. "என்ன வேணும் பாட்டி?" என்றால், "ஒண்ணும் வேண்டாம் மக்களே, ஜெபிச்சுக்கிட்டா போதும்" என்பார்கள். மானம் அப்படி. ஆகவே சின்னதாக, குறிப்பாகக் கேட்க வேண்டும். "நான் நாளைக்கு மார்த்தாண்டம் போறேன், மருந்துச் சீட்டு இருந்தா தாங்க, வாங்கிட்டு வாறேன்." "இந்தக் கண்ணாடிக்கு ஒரு கால் ஆடுதே, கடையில் குடுத்து முறுக்கிட்டு வரட்டா?" இப்படிக் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை ஏதாவது வெளியே வரும். வந்ததை நோட்டில் எழுதுங்கள்.

வீட்டில் படுக்கையில் ஒருவர் இருந்தால், அவரைப் பார்த்துக்கொள்கிறவரையும் கேளுங்கள். பெரும்பாலும் அது மருமகளாக இருக்கும். எல்லோரும் மாமியாரைப் பார்க்க வருவார்கள், மருமகள் காப்பி போட்டுக் கொடுப்பாள். இரண்டு வருஷமாக ஒரு கல்யாண வீட்டுக்குக்கூடப் போகாதவள் அவள். "சனிக்கிழமை ரெண்டு மணிநேரம் நான் இங்கே இருக்கேன், நீ போயிட்டு வா" என்று சொன்னால் அந்த வீட்டில் அதைவிடப் பெரிய காணிக்கை கிடையாது. அப்படி இருக்கப் போகிறவர்கள் ஒரு விஷயம் கற்றுக்கொள்ள வேண்டும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இடுப்பு, வால் எலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருந்தால் படுக்கைப்புண்ணின் ஆரம்பம் அது. செவிலியரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

கொடுத்தல்

பழம் கொண்டு போகலாம். அதற்கு முன் சர்க்கரை உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் விருந்தாளி என்றாலே ஏத்தன்பழம், நேந்திரங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து. மூன்றும் பல நோயாளிகளுக்கு ஆகாது. கொஞ்சம் பயறும் ரவையும் கொண்டுபோனால் மறுநாள் காலைக்கு ஆகும். முன்னெல்லாம் நம் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். பிடியரிசிக் காணிக்கை. இப்போதும் சில சபைகளில் உண்டு. நிறைய இருப்பவள் மட்டும் கொடுப்பதல்ல அது. கஞ்சி குடிக்கும் வீடும் கொடுக்கும். அதனால் வாங்குகிற வீட்டுக்குக் கூச்சம் குறைவு.

பணமாகக் கொடுப்பதானால் கவரில் வைத்து, பேச்சில்லாமல் கொடுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்றார் இயேசு. நம் வலதுகை செய்வதை வாட்ஸ்அப் குரூப்பில் இருநூறு பேர் அறிகிறார்கள். அரிசிப் பையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, கொடுப்பவர் எல்லாம் சிரிக்க, வாங்குகிற பாட்டி மட்டும் தலை குனிந்து நிற்கும் படங்கள் எத்தனை பார்த்துவிட்டோம். கணக்குக் காட்டத்தான் வேண்டும் என்றால் கையெழுத்துப் போதும்.

எவ்வளவு கொடுப்பது? இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச்சென்ற நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். ஒரு பணம் அன்றைய கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஆக, இரண்டு நாள் கூலி. தன் சொத்தை எழுதிக் கொடுக்கவில்லை, தன் பயணத்தையும் நிறுத்தவில்லை. காயத்தைக் கட்டினான், பார்த்துக்கொள்ளத் தெரிந்தவனிடம் ஒப்படைத்தான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். புதிதாக வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உருக்கத்தில் "ஆபரேஷன் செலவை நாங்க பாத்துக்கிடுவோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு போனை எடுக்காமல் இருப்பது, கொடுக்காமல் இருப்பதைவிடப் பெரிய கொடுமை.

உண்மையில் நம் பணத்தைவிட நாம் கூட நடந்து அலைவது அதிகம் உதவும். முதியோர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் உண்டு. இ-சேவை மையத்துக்கு ஆதாரும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கூடப் போங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும் நாளில் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவும், ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியிலும் செல்லும். பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இல் வந்தது. முதியவர்களுக்கு ரேஷனை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. பெற்ற பிள்ளையே அடிக்கிறான், சோறு போடவில்லை என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். இந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். "சமாதானத்தோடே போங்கள், பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டு ஒன்றும் கொடாவிட்டால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்டது இதைத்தான்.

நாகர்கோவிலுக்கு 1819இல் வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைத்தனமும் தீண்டாமையும் கோலோச்சிய காலத்தில், அந்த நூலால் பெண்கள் சொந்தக் கையால் காசு பார்த்தார்கள். கை ஓடுகிறவருக்கு அரிசிப் பையைவிட வேலை வாங்கிக் கொடுப்பது நல்லது என்பதற்கு இந்த மண்ணிலேயே இருநூறு வருஷத்துப் பழக்கம் இருக்கிறது.

ஜெபித்தல்

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடங்கிய புதிதில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா முந்தின வாரம் என்னிடம் தனியாக அழுதிருந்தாள், மகன் குடிக்கிறான் என்று. அன்றைக்கு முன்னறையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நான் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தேன்: "கர்த்தாவே, இந்தப் பிள்ளையைக் குடிப்பழக்கத்திலிருந்து விடுவியும்." கண்ணைத் திறந்தபோது அக்கா முகம் செத்திருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் பையனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள்.

ஆகவே, ஜெபிக்கட்டுமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். எதற்காக என்றும் கேளுங்கள். இரண்டு நிமிஷம் போதும். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டு ஜெபத்தில் சேர்க்காதீர்கள். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை நடப்பதும் உண்டு, அதற்கு 'ஆமென்' போடாதீர்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம்

சொந்தக்காரருக்கும் சொந்தச் சபைக்கும் செய்வதில் நம் மாவட்டத்தார் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. ஒரு சாவு என்றால் பந்தல் முதல் பயறுகஞ்சி வரை தானாக நடக்கும். சிக்கல் மதிலுக்கு அந்தப் பக்கம்தான். "எனக்குப் பிறன் யார்?" என்று கேட்ட நியாயசாஸ்திரிக்குத்தான் இயேசு சமாரியன் கதையைச் சொன்னார். யூதர்கள் சம்பந்தம் கலவாத சாதி அது. கதையில் உதவி செய்தவன் அவன்.

அம்மன் கோவிலுக்குப் போகும் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லை என்றாலும் போங்கள். மதம் பற்றிப் பேசப் போகவில்லை, பார்க்கப் போகிறீர்கள். தலையணைக்கடியில் கைப்பிரதி வைத்துவிட்டு வராதீர்கள். எழுந்து போக முடியாத மனுஷனைக் கட்டிலில் வைத்துப் பிரசங்கம் செய்வது எனக்கு அன்பாகத் தெரியவில்லை. என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். அவரே ஜெபம் கேட்டால் செய்யுங்கள். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரத்தை நேரில் பார்த்தவர்கள் இரண்டு பக்கமும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அந்தப் பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள். அவர்கள் எடுத்தால் கேளுங்கள், கணக்குத் தீர்க்க வேண்டாம்.

கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்திருக்கும் பையன்கள் ஒரு அறையில் எட்டுப் பேர் தங்கியிருப்பார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்ற ஏழு பேரும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரு பாத்திரம் கஞ்சிக்கு மொழி வேண்டாம்.

மதில் என்று சொன்னேன், நிஜ மதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழித் தகராறும் எல்லைக்கல் தகராறும் இல்லாத விளை (தோட்டம்) நம் ஊரில் அபூர்வம். அண்ணனும் தம்பியும் குழித்துறைக் கோர்ட்டில் வருஷக்கணக்காக அலைந்துகொண்டே ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனம் வாசிக்கப்படும்போது இருவரும் கூரையைப் பார்ப்பார்கள். புதியவர்களே, இந்த வழக்கைத் தீர்த்துவைக்கக் கிளம்பாதீர்கள். உங்களால் முடியாது, இரண்டு பேருக்கும் எதிரி ஆவீர்கள். ஆனால் அந்த அண்ணனோ தம்பியோ நீங்களாக இருந்தால், ஒன்று செய்யலாம். அவர்கள் தென்னையிலிருந்து நம் பக்கம் விழுந்த தேங்காயை எடுத்து மதில்மேல் வையுங்கள். வழக்குப் பாட்டுக்கு வழக்கு நடக்கட்டும். தேங்காய் எடுக்க வருகிற பிள்ளையிடம் "சாப்பிட்டியா மக்கா" என்று கேட்பதற்குக் கோர்ட்டில் தடையுத்தரவு கிடையாது.

மறுபடி போதல்

முதல் வாரத்தில் எல்லோரும் வருவார்கள். நாற்பதாம் நாள் வரைக்கும் ஆள் இருக்கும். மூன்றாம் மாதம்தான் வீடு வெறிச்சோடும். பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் திரும்பியிருப்பார்கள். உங்கள் நோட்டில் இறப்பு நாளிலிருந்து மூன்று மாதம் எண்ணி ஒரு தேதி குறித்துவையுங்கள். பிறகு முதல் கிறிஸ்மஸ், கல்யாண நாள், முதல் வருஷ நினைவு நாள்.

எவரெஸ்டில் ஏற வந்த டாக்டர் சோமர்வெல் 1922 பயணம் முடிந்து நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். கூட்டத்தையும் வைத்தியர் பற்றாக்குறையையும் கண்டார். லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்தார், 1924இல் இன்னொருமுறை மலைக்குப் போனதைத் தவிர. நெய்யூரில் அவரை இன்றும் நினைப்பது மலைக்காக அல்ல. உங்களிடம் யாரும் அவ்வளவு கேட்கவில்லை. மாதத்துக்கு இரண்டு வீடு போதும். பத்து வீடு எடுத்துக்கொண்டு ஆறு மாதத்தில் களைத்துப்போவதைவிட, இரண்டு வீட்டுக்கு ஐந்து வருஷம் போவது நல்லது. உங்களுக்கே வீட்டில் கஷ்டம் என்றால் கூட வருகிறவரிடம் சொல்லி ஒரு மாதம் விட்டுவிடுங்கள். ஆனால் அந்தப் பாட்டியிடமும் சொல்லிவிடுங்கள். சொன்ன நாளில் முற்றம் பெருக்கி, திண்ணையில் உட்கார்ந்து வழி பார்த்துக்கொண்டிருப்பாள்.

என் நோட்டில் போன வாரப் பக்கம் இப்படி இருக்கிறது: "வெள்ளி, 4 மணி. கண்ணாடி சரியாகிவிட்டது, இப்போது வேதம் வாசிக்கிறாள். சாயா சர்க்கரை இல்லாமல். மருமகள் சனிக்கிழமை தக்கலை போக வேண்டும், 10 முதல் 12 வரை நான். வாசல் பல்பு எரியவில்லை, 9 வாட்ஸ் வாங்க வேண்டும்."